கள்ளிப்பழம் தின்ற நாக்கு ஏன் சிவக்கிறது?

சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல வீட்டுக்குள் நுழைய முடியாது. நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிவிட்டு வரும் வழியில் ஓடைக்கரை வேலியில் பறித்து, மண்ணில் புரட்டிப் புரட்டிச் சுணையைப் போக்கி, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை நகத்தால் கெல்லி எறிந்துவிட்டு, நாலு பழம் உள்ளே போயிருக்கும். வாயை எத்தனை முறை கொப்பளித்தாலும் அம்மா, "எங்கே, நாக்கை நீட்டு" என்றால் கதை முடிந்தது. வெற்றிலை போட்டவர்களுக்குக்கூட அப்படிச் சிவக்காது.

அந்தச் சிவப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்போது யூடியூபைத் திறந்தால் கள்ளிப்பழம் புற்றுநோயிலிருந்து மறதிவரை எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறது. அந்த வீடியோக்களை அப்படியே நம்பவும் வேண்டாம், பழத்தைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். பழத்துக்குள் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு நம் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது என்ற இரண்டும் தெரிந்தால் நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தமிழில் கள்ளி என்று சொல்லும் எல்லாமே ஒரே குடும்பம் இல்லை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் உறவுக்காரச் செடிகள். கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் நஞ்சு, கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. சங்கப் பாடல்களில் வரும் கள்ளியும் இந்த வகையாகத்தான் இருக்க முடியும். ஏனென்றால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் கடல் கடந்த பிறகுதான் மற்ற நாடுகளுக்குப் பரவியது. கிள்ளினால் இதில் பால் வராது, வழவழவென்று கோழைபோல ஒரு நீர்தான் வரும். நாம் பேசப்போவது இந்த இரண்டாவது வகையை, அதாவது கற்றாழைபோலத் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் உண்மையான கேக்டஸ் குடும்பத்தை.

மெக்சிகோவில் இந்தப் பழத்துக்குப் பெயர் 'தூனா'. மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே இது காட்டுப்பழம் இல்லை, சந்தைப் பழம். தட்டையான தண்டை 'நோபால்' என்று காய்கறியாகவே சமைக்கிறார்கள். அந்த நாட்டுக் கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பதும் இந்தச் செடியின்மீதுதான். அங்கிருந்து ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோக, இத்தாலியின் சிசிலித் தீவில் இது ஊன்றிக்கொண்டது. சிசிலிக்காரர்கள் இதை 'இந்திய அத்தி' என்று அழைக்கிறார்கள். கொலம்பஸ் இந்தியா என்று நினைத்த இடத்திலிருந்து வந்ததால் வந்த பெயர். தாவரவியல் பெயரிலும் அந்தப் பிழை ஒட்டிக்கொண்டது: ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா. உலகத்தில் இந்தப் பழத்தைப் பற்றி நடந்த நல்ல ஆய்வுகளில் பல சிசிலியில் நடந்தவை. நாம் வேலியில் பறித்தது இதன் தம்பி, வேறு இனம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பீட்ரூட்டும் வாடாமல்லியும் ஒரே சாதி

செடிகளுக்கு ஓடத் தெரியாது. வெயில் சுட்டால் நிழலுக்கு நகர முடியாது, பூச்சி கடித்தால் தட்டிவிட முடியாது, பறவையைக் கூப்பிட்டுப் "பழம் பழுத்துவிட்டது, வந்து தின்னு, விதையைத் தூரப் போடு" என்று சொல்ல வாயும் இல்லை. இதையெல்லாம் அவை வேதிப்பொருள்களைக் கொண்டு செய்கின்றன. மாவுச்சத்து, புரதம், கொழுப்புபோல உயிர்வாழ அடிப்படையானவை இல்லை இவை. பாதுகாப்புக்கும் விளம்பரத்துக்கும் தயாரிப்பவை. நிறம், மணம், கசப்பு, துவர்ப்பு எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். அவற்றில் சில நம் உடம்புக்குள் போனதும் நமக்கும் உதவுகின்றன என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

பழங்களில் சிவப்பு, நீலம், ஊதா நிறங்களைப் பெரும்பாலும் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமிக் கூட்டம். நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல், சங்குப்பூ, செம்பருத்தி, கறுப்புக்கவுனி அரிசி எல்லாம் இந்தக் கட்சி. கள்ளிப்பழத்தின் சிவப்பைப் பார்த்தால் இதுவும் நாவல்பழத்துச் சரக்குதான் என்று தோன்றும். வேதியியலாளர்களே 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை பீட்ரூட் சிவப்பை 'நைட்ரஜன் சேர்ந்த ஆந்தோசயனின்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் இது முற்றிலும் வேறு கூட்டம் என்று தெரிந்தது. பீட்ரூட்டின் தாவரவியல் பெயரான பீட்டாவிலிருந்து 'பீட்டாலைன்' என்று பெயர் வைத்தார்கள்.

பீட்டாலைன் உள்ள செடிகள் நம் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, பசலைக்கொடியில் தொங்கும் கருஞ்சிவப்புப் பழம், அந்திமந்தாரை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ, பத்துமணிப்பூ. பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இவையெல்லாம் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கள்ளியும் அதே வரிசைதான். இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு: பீட்டாலைன் தயாரிக்கும் செடி ஆந்தோசயனின் தயாரிக்காது. ஒரே செடியில் இரண்டும் சேர்ந்து இருப்பதை இயற்கையில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஏன் இப்படி என்று தாவரவியலாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டிலேயே இந்த இரண்டு கட்சிகளையும் பிரித்துப் பார்க்கலாம். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழியுங்கள், நொடியில் ஊதாவாக மாறும். பீட்ரூட் சாற்றிலோ கள்ளிப்பழச் சாற்றிலோ பிழியுங்கள், சிவப்பு சிவப்பாகவே நிற்கும். அப்புறம் அந்தச் சாற்றில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பாருங்கள். சிவப்பு போய் மஞ்சளாகிவிடும். (இதைக் குடிக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றுங்கள்.) மஞ்சள் எங்கிருந்து வந்தது? அங்கேதான் பீட்டாலைனின் கட்டுமானம் தெரிகிறது.

எல்லாப் பீட்டாலைனுக்கும் நடுவில் இருப்பது பீட்டாலாமிக் அமிலம் என்ற ஒரு மஞ்சள் துண்டு. மாவு ஒன்றுதான், தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. அதுபோல இந்த மஞ்சள் துண்டு எதோடு சேருகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். அமினோ அமிலம் ஒன்றோடு சேர்ந்தால் மஞ்சளும் ஆரஞ்சும். இதற்குப் பீட்டாசாந்தின் என்று பெயர். சைக்ளோ-டோப்பா என்ற இன்னொரு துண்டோடு சேர்ந்தால் ஊதா கலந்த சிவப்பு, இது பீட்டாசயனின். கள்ளிப்பழத்தில் முக்கியமானவை ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. சிவப்பில் பீட்டானின், பீட்ரூட்டில் இருக்கும் அதே ஆள். மஞ்சளில் இண்டிகாசாந்தின். புரோலின் என்ற அமினோ அமிலம் சேர்ந்தது, இந்தக் கள்ளியின் பெயரையே வாங்கிக்கொண்டது. சுண்ணாம்பு சிவப்பு நிறமியை உடைக்கும்போது உள்ளே இருந்த மஞ்சள் துண்டு வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சிக்கு வாடை

'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்ற சொல்லை விளம்பரங்கள் தேய்த்தே அழித்துவிட்டன. தீபாவளி முறுக்கு பொங்கல்வரை டப்பாவில் கிடந்தால் ஒரு வாடை வருமே, சிக்கு வாடை, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைக் காற்றில் உள்ள ஆக்சிஜன் தாக்கி, ஒரு மூலக்கூறு கெட்டு, அது பக்கத்து மூலக்கூறைக் கெடுத்து, சங்கிலியாகப் போனதன் வாடை அது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்களும் அப்படியே. அங்கேயும் இந்தச் சங்கிலி மெதுவாக நடக்கிறது. உடம்புக்கு இதைத் தடுக்கும் சொந்த ஏற்பாடுகள் உண்டு. சங்கிலியின் நடுவில் புகுந்து, தன்னிடம் இருக்கும் எலக்ட்ரானைக் கொடுத்து, "இத்தோடு நிறுத்து" என்று சொல்லக்கூடிய பொருள்தான் ஆன்டி-ஆக்ஸிடன்ட். பீட்டாலைன்கள் இதைச் செய்யும்.

ஆனால் சோதனைக் குழாயில் செய்வது வேறு, உடம்புக்குள் செய்வது வேறு. வாயில் போட்டதெல்லாம் ரத்தத்துக்குப் போவதில்லை. குடலைத் தாண்ட வேண்டும், கல்லீரலைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான 'சூப்பர் உணவு'க் கதைகள் இந்த இடத்தில்தான் கவிழும்.

சிசிலியின் பலெர்மோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதைத்தான் தேடிப் பார்த்தார்கள். அங்கே பயிராகும் பழத்தில் மூன்று நிறம் உண்டு: மஞ்சள், சிவப்பு, வெள்ளை. சிவப்பில்தான் நிறமி அதிகம் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அளந்தபோது மஞ்சள் பழத்தில்தான் மொத்தப் பீட்டாலைன் அதிகம், சிவப்பு இரண்டாவது. கண்ணுக்கு நிறமே தெரியாத வெள்ளைப் பழத்திலும் கொஞ்சம் இருந்தது, அதில் ஏறக்குறைய முழுவதும் இண்டிகாசாந்தின். கொழுப்பு கெடுவதைத் தடுக்கும் சோதனைகளில் முதலிடம் பிடித்தது அந்த வெள்ளைப் பழத்தின் சாறு. கருஞ்சிவப்பாக இருந்தால்தான் சத்து என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லவில்லை. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும்.

2004இல் அதே குழு மனிதர்களுக்கு 500 கிராம் பழச்சதை கொடுத்து ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தது. அவ்வளவு பழத்தில் இருந்தது 28 மில்லிகிராம் இண்டிகாசாந்தின், 16 மில்லிகிராம் பீட்டானின். 3 மணி நேரத்தில் இரண்டும் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டன, 12 மணி நேரத்தில் காணாமல் போயின. தின்ற இண்டிகாசாந்தினில் 76 விழுக்காடு சிறுநீரில் வந்தது. அப்படியென்றால் குறைந்தது அந்த அளவாவது குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போயிருக்கிறது. பீட்டானினில் சிறுநீருக்கு வந்தது 3.7 விழுக்காடு மட்டுமே. இது பெரிய இடைவெளி. மஞ்சள் ஆள் வாசலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான், சிவப்பு ஆள் பெரும்பாலும் திண்ணையோடு நின்றுவிடுகிறான்.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் ஆரோக்கியமான 18 பேர். இரண்டு வாரத்துக்கு, நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 250 கிராம் பழச்சதை. இன்னொரு முறை அவர்களுக்கே பழத்துக்குப் பதிலாக வேளைக்கு 75 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை. இரண்டிலும் ரத்தத்தில் வைட்டமின் சி ஒரே மாதிரி கூடியது. ஆனால் சிக்கு வாடைக்குச் சமமான அடையாளங்கள், அதாவது கொழுப்பு கெட்டதைக் காட்டும் பொருள்கள், பழம் தின்றபோது மட்டுமே குறைந்தன. மாத்திரையில் குறையவில்லை. ஆக, பழத்தின் வேலை வைட்டமின் சியால் மட்டும் நடந்ததல்ல; வேறு ஏதோ, அனேகமாகப் பீட்டாலைன், சேர்ந்து வேலை செய்திருக்கிறது.

நல்ல ஆய்வுதான். ஆனாலும் அதில் இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். 18 பேர், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், இரண்டு வாரம். குறைந்தவையும் ரத்தத்தில் உள்ள அடையாளங்கள்தான், நோய் இல்லை. யாருக்கும் மாரடைப்பு தடுக்கப்பட்டதாகவோ புற்றுநோய் குணமானதாகவோ அதில் ஒரு வரியும் கிடையாது. அங்கிருந்து "கேன்சரை விரட்டும் கள்ளிப்பழம்" என்ற தலைப்புக்குப் போவதற்கு நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

நம்மூர் வேலிக்கு இது பொருந்துமா என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. நம் வேலிப்பழம் ஒபன்ஷியா ஸ்ட்ரிக்டா, அல்லது அதன் வகையான டில்லெனி என்று சொல்லப்படுவது. ஸ்ட்ரிக்டா பழத்தை அளந்தவர்கள் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 மில்லிகிராம் சிவப்பு நிறமி இருப்பதாகச் சொல்கிறார்கள். சிசிலிக்காரர்கள் அரைக் கிலோவில் தின்றது 16. ஆகவே சிவப்பில் நம் பழம் அசுரன். ஆனால் நம் பழத்தின் செல்வம் பீட்டானினில்தான் இருக்கிறது, திண்ணையோடு நின்றுவிடும் ஆளிடம். இண்டிகாசாந்தின் நிறைந்த சிசிலிப் பழத்தின் முடிவை எடுத்து நம் வேலிப்பழத்தின் தலையில் அப்படியே கட்ட முடியாது. தண்டான நோபாலைத் தின்றால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்று மெக்சிகோவில் ஆய்வுகள் உண்டு. அதையும் நம் வீடியோக்கள் பழத்தின் கணக்கில் எழுதிவிடுகின்றன. பழத்தில் குளுக்கோசும் ஃபுரக்டோசும் இருக்கின்றன, சர்க்கரை உள்ளவர்கள் அதை நினைவில் வைக்கவேண்டும்.

நிறமி தவிர மற்றவை? வைட்டமின் சி உண்டு, ஆனால் கொய்யாவின் பக்கத்தில் நிற்காது. வழவழப்பு என்பது நீரில் கரையும் நார்ச்சத்து, வயிற்றுக்கு நல்லது. குவர்செடின், ஐசோராம்னெடின் போன்ற ஃபிளேவனாய்டுகள் சதையைவிடத் தோலில்தான் அதிகம், முள்ளுள்ள அந்தத் தோலை யார் தின்பது?

டிராகன் பழமும் ஒரு பூச்சியும்

கடைகளில் கிடைக்கும் டிராகன் பழமும் கள்ளிதான், மரத்தில் தொற்றிப் படரும் கள்ளிக்கொடியின் பழம். 2021இல் குஜராத் அரசு 'கமலம்' என்று பெயர் மாற்றியதே, அதுதான். பீட்டாலைனுக்காக வாங்குவதென்றால் சிவப்புச் சதை உள்ளதை வாங்குங்கள். வெள்ளைச் சதை உள்ள பழத்தில் சிவப்பு நிறமி இருப்பதெல்லாம் நாம் உரித்து எறியும் தோலில்தான். சிவப்புச் சதையில் பீட்டானினோடு ஹைலோசெரினின் என்ற நிறமியும் இருக்கிறது. விலையைப் பார்த்தால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: பீட்ரூட் பொரியலிலும் பீட்டானின் உண்டு.

கள்ளிச் செடியின்மேல் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்பு வரும். அது பழத்தின் சிவப்பை உறிஞ்சியதால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பூச்சி தானே தயாரிக்கும் கார்மினிக் அமிலம் அது, பீட்டாலைனே கிடையாது. இந்தச் சாயத்துக்காகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெட்ராஸில் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. வந்தது மட்டமான இனம். சாய வியாபாரம் படுத்துவிட்டது, பூச்சி மட்டும் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு, 1926இல் நம் வேலிக்கள்ளியை ஒழிக்கவே வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். தாத்தா காலத்தில் காடாகக் கிடந்தது என்று சொல்லும் கள்ளி இன்று ஓடைக்கரையில் மட்டும் எஞ்சி நிற்பதில் அந்தப் பூச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பழம் கையில் கிடைத்தால் என்ன செய்வது? பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத சுணைதான் எதிரி. ஒவ்வொன்றுக்கும் தூண்டில்போலப் பின்பக்கம் வளைந்த நுண்பற்கள் உண்டு, குத்தினால் எளிதில் வராது. இடுக்கியால் பிடித்துத் தணலில் வாட்டினால் சுணை பொசுங்கிவிடும். பிறகு நறுக்கி, நடுவில் உள்ள முள்ளையும் எடுத்துவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இதைச் செய்யாமல் கொடுக்கவே கூடாது.

விதைகள் கல்மாதிரி. இரண்டு மூன்று பழத்தோடு விழுங்கினால் ஒன்றும் ஆகாது; கூடைக்கணக்கில் தின்று, விதைகள் குடலின் கடைசியில் கட்டியாக அடைத்து மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையப் படிக்கலாம். சாறு எடுத்து வடிகட்டினால் இந்தக் கவலை இல்லை. சாற்றைக் கொதிக்கவிடாதீர்கள். பீட்டாலைனுக்குச் சூடு ஆகாது. சுண்டக் காய்ச்சிய கள்ளிப்பழ ஜாம் செங்கல் நிறத்துக்குப் போவது நிறமி செத்ததன் அடையாளம். எலுமிச்சை பிழிந்து, குளிர வைத்து, அன்றைக்கே குடித்துவிடுவது நல்லது.

சிவப்புப் பழத்தை நிறையத் தின்ற மறுநாள் காலையில் கழிவறையில் சிலர் பதறிப்போவார்கள். மலமும் சிறுநீரும் சிவப்பாக இருக்கலாம். குடலில் தங்கிய பீட்டானின் மலத்தோடும், ரத்தத்துக்குப் போன அந்தக் கொஞ்சம் சிறுநீரோடும் வெளியேறுகிறது, அவ்வளவுதான். பழம் தின்னாமலே சிவப்பாக வந்தாலோ, இரண்டு நாள் கழித்தும் நிற்காவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.